அம்பாள் சுகமாக்கிவிட்டாள், இனி ஊசி எதற்கு?

உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் இரண்டு தாள் நிறைய எழுதி அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு ஐந்து வயது. ஐந்து மாதத்துக்கு முன்னர் விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது, காலில் நீலத் திட்டுகள் தெரிந்தன. ஒருநாள் காலை எழும்பி, கால் நோகுது, நடக்கமாட்டேன் என்று அழுதிருக்கிறான். திருகோணமலையில் இரத்தம் சோதித்த அன்றே கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். வந்திருந்தது ஏ.எல்.எல். என்ற இரத்தப் புற்றுநோய். அன்று இரவே அவரது கணவர் பத்திரகாளி அம்பாள் கோயில் வாசலில் நின்று, பிள்ளை தப்பினால் அவனுக்கு மொட்டை போடுவதாகவும் தான் தூக்குக்காவடி எடுப்பதாகவும் நேர்ந்திருக்கிறார். ஒரு மாதச் சிகிச்சை முடிந்து எலும்புக்குள் இருக்கும் என்பு மச்சையைச் சோதித்தபோது, நோய் தெரியவில்லை என்றார்கள். வீட்டில் பொங்கல் வைத்தார்கள். நேர்த்தி பலித்தது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சிகிச்சை நிற்கவில்லை. வாந்தி, வாய்ப்புண், அப்புறம் காய்ச்சலோடு ஒன்பது நாள் வார்டில். ஓட்டோ ஓட்டும் கணவருக்கு ஒவ்வொரு கொழும்புப் பயணமும் இரண்டு மூன்று நாள் உழைப்பு இல்லை. மாமி பிள்ளையை உரு ஆடும் ஓர் அம்மாவிடம் கொண்டுபோக, 'நான் சுகமாக்கியதை நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள், இனி நஞ்சு ஏற்றினால் நான் விலகிவிடுவேன்' என்று வாக்கு வந்திருக்கிறது. கணவர் கிளினிக் கொப்பியை எடுத்து அலுமாரியில் பூட்டிவிட்டார். குறித்த திகதி போய்ப் பத்து நாளாகிறது. கையிலிருந்த குளிசைகளை இந்தத் தாய் யாருக்கும் தெரியாமல் பிள்ளைக்குக் கொடுத்து வருகிறார். மாமி தீர்த்தமும் ஒரு பச்சிலைச் சாறும் கொடுக்கிறார். இது டொக்டர்களுக்குத் தெரியாது.

கேள்விகள் நான்கு. நோய் இல்லை என்றால் இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து ஏன்? கோயிலையும் மருந்தையும் சேர்த்து வைத்திருக்க முடியாதா? கணவர் மறுத்தால் நான் தனியாகக் கூட்டிப்போகலாமா? கடைசிக் கேள்வியைக் கடிதத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்: 'இவன் வயிற்றில் இருக்கும்போது வெருகல் முருகன் கோயிலுக்கு வைத்த நேர்த்தியை நான் செய்யவில்லை, அதனாலா இது வந்தது?'

தங்கச்சி,

ஓரத்தில் எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை. எலும்புக்குள் இரத்தம் உண்டாகும் இடத்தில் ஒரு கலத்தின் மரபணுவில் பிழை விழுகிறது. அந்தக் கலம் முதிராமலே பெருகிப் பெருகி மற்றவற்றை நெருக்கித் தள்ளுகிறது. பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காண்பது இதுதான். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள்தான் கூடுதலாக வரும். நேர்த்தி தவறாத வீட்டிலும் வருகிறது, கோயில் பக்கமே போகாத வீட்டிலும் வருகிறது. வெருகல் முருகனுக்குக் கொடுக்கவேண்டியது இருந்தால் ஆறுதலாகக் கொடுங்கள். மகனின் நோயை அந்தக் கணக்கில் எழுதாதீர்கள்.

அடுத்தது அவசரமானது. இதை வாசிக்கும் அன்றே வார்டுக்குப் போன் எடுங்கள். கொப்பி கையில் இல்லாவிட்டாலும் பிள்ளையின் பெயரும் அனுமதித்த மாதமும் சொன்னால் தேடி எடுப்பார்கள். கொழும்புக்குப் பேசத் தயக்கமாக இருந்தால் திருகோணமலை ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் வார்டுக்குப் போய் இங்குள்ள டொக்டரைப் பேசச் சொல்லுங்கள். திகதி தவறியவர்கள் பலர் ஏச்சு விழும் என்ற பயத்திலேயே அடுத்த திகதியையும் தவறவிடுகிறார்கள். டொக்டராக நான் பார்த்த வரையில், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களில் 'இனி வேண்டாம்' என்று தீர்மானித்து விட்டவர்கள் குறைவு. ஒரு கிழமை பிந்தி, வெட்கப்பட்டு, ஒரு மாதம் பிந்தி, அப்படியே விடுபட்டவர்கள்தான் கூட. பத்து நாள் இடைவெளியைச் சரிசெய்யலாம். ஏசினால் ஏசட்டும், நீங்கள் போங்கள்.

ஒளித்துக் குளிசை கொடுப்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். உங்கள் தவிப்பு விளங்குகிறது. ஆனால் இந்தக் குளிசைகளின் அளவை இரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் கூட்டிக் குறைப்பார்கள். வெள்ளை அணுக்கள் விழுந்து கிடக்கும் நேரத்தில் பழைய அளவையே கொடுத்தால் சாதாரண கிருமியே பிள்ளையை வீழ்த்திவிடும். இன்றைக்கு எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று வார்டு சொல்லட்டும்.

நோய் தெரியவில்லை என்றால் என்ன?

உங்கள் கணவர் தப்பாக விளங்கிக்கொண்டார் என்று அவரைக் குறை சொல்லமாட்டேன். 'நோய் தெரியவில்லை' என்று ஒரு டொக்டர் சொன்னால் எந்தத் தகப்பனுக்கும் 'நோய் போய்விட்டது' என்றுதான் காதில் விழும். அதற்கு மேல் ஐந்து நிமிடம் நின்று தமிழில் விளக்க ஆள் இல்லாத வார்டுகள் இந்த நாட்டில் இருக்கின்றன. அது எங்கள் பக்கத்துக் குறை.

கணக்கு இப்படி. நோய் பிடிபடும் நேரத்தில் ஒரு பிள்ளையின் உடம்பில் ஒரு லட்சம் கோடி வரை கெட்ட கலங்கள் இருக்கும். முதல் மாத மருந்து அவற்றில் பெரும்பகுதியை அழித்துவிடும். பிறகு மச்சையில் ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் கோடிக்கணக்கில் மிச்சம் இருக்கலாம். சில, மருந்து எளிதில் போய்ச் சேராத மூளைப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கும். முதுகில் ஊசி போடுவது அதற்காகத்தான். வயலில் புல்லை வெட்டிவிட்டால் கண்ணுக்கு வயல் துப்புரவாகத்தான் இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் இருப்பது தம்பலகாமத்தில் கோரைப்புல்லோடு மல்லுக்கட்டியவருக்குத் தெரியும்.

இது யாரோ யோசித்து எழுதிய கணக்கு என்று நினைக்கவேண்டாம். பிள்ளைகள் செத்துத்தான் வைத்தியம் இதைக் கற்றுக்கொண்டது. 1947இல் பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டொக்டர் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு முதன்முதலாக ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். அதுவரை கிழமைக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் முடிந்துபோகிற நோய். படுத்த படுக்கையாகக் கிடந்த சில பிள்ளைகள் எழும்பி விளையாடினார்கள், இரத்தமும் சரியாக வந்தது. சில மாதத்தில் நோய் திரும்பி வந்து அவர்களைக் கொண்டுபோனது. 1960களில் பல மருந்துகளைச் சேர்த்து, மூளைக்கும் பாதுகாப்புக் கொடுத்து, இரத்தம் நன்றாக இருக்கும் பிள்ளைக்கும் வருடக்கணக்கில் விடாமல் கொடுத்தபோதுதான் உண்மையான சுகம் கிடைத்தது. இன்று வசதியான நாடுகளில் இந்த நோய் வரும் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் தப்புகிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் அந்த அளவு குறைவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் விடுவது.

இடையில் விட்டால் என்ன நடக்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு மூன்று மாதம் பிள்ளை நன்றாக இருப்பான். முடி வளரும், சாப்பிடுவான், வீடே அம்பாளின் அருள் என்று சொல்லும். பிறகு நோய் திரும்பும். அப்போது எஞ்சியிருப்பவை முதல் மருந்துக்குத் தப்பிப் பிழைத்த கலங்கள். அவற்றை அழிக்க இன்னும் கடுமையான மருந்து வேண்டும், பலனும் குறைவு. பல வருடங்களுக்கு முன் ஒரு தகப்பன் தன் மகளை இப்படித் திரும்பக் கொண்டுவந்தார். வார்டு வாசலில் நின்று, 'டொக்டர், போனமுறை மாதிரி ஒரு மாதத்தில் சரியாக்கிவிடுங்கோ' என்றார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வெகு நேரம் பிடித்தது.

நஞ்சு என்ற சொல்

வாக்குச் சொன்ன அம்மா நஞ்சு என்றார். நான் அதை மறுக்கப்போவதில்லை. வேகமாகப் பெருகும் கலங்களைக் கொல்வதுதான் இந்த மருந்துகளின் வேலை. முடியின் வேரும் வாயின் உட்தோலும் வேகமாகப் பெருகுபவை என்பதால் அவையும் அடிபடுகின்றன. தகப்பன் கண்ணால் கண்டது பொய்யில்லை. அவரிடம் 'அதெல்லாம் ஒன்றும் இல்லை' என்று சொன்னால் உங்கள் மற்றப் பேச்சையும் நம்பமாட்டார்.

ஆனால் இரண்டு விஷயம் அவருக்குத் தெரிந்திருக்காது. ஒன்று, இந்தக் கடும் பகுதி இரண்டரை வருடமும் நீளாது. முதல் ஆறு முதல் எட்டு மாதம்தான் கூடக் கஷ்டம். அதன்பின் பெரும்பாலும் வீட்டிலேயே குளிசை, இடைக்கிடை கிளினிக். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே அந்தக் காலத்தை முடிக்கிறார்கள். உங்கள் மகன் ஏற்றத்தின் பெரும்பகுதியை ஏறிவிட்டான்.

மற்றது, அவனுக்கு ஏற்றும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நாங்கள் பட்டிப்பூ என்று சொல்லி வேலியோரத்தில் வளர்க்கிறோமே, சாமிக்குக்கூட ஆய்ந்து வைப்போமே, அதே செடி. மாமியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: ஒரு கிராம் மருந்து எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், அளவு கொஞ்சம் பிசகினாலும் நரம்பைக் கெடுக்கும். ஆகவே வீட்டில் இலையைப் பிழிந்து கொடுக்க யாரும் புறப்படவேண்டாம்.

கோயில், தீர்த்தம், நேர்த்தி

சேர்த்து வைத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. கிண்ணியாவிலிருந்து வரும் தாய் ஓதிய தண்ணீர்ப் போத்தலோடு வருவார். இன்னொருவர் பாலையூற்று மாதாவிடம் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவார். கோணேசர் விபூதி இல்லாத தலையணையை எங்கள் வார்டில் நான் கண்டது குறைவு. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும்போது அந்தத் தாய்மாரை இருக்கையில் இருத்தி வைப்பது எது என்று எனக்குத் தெரியும், அது என் மருந்துச் சீட்டு இல்லை. நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான், எதையும் டொக்டரிடம் ஒளிக்காதீர்கள்.

பச்சிலைச் சாற்றை இன்றோடு நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. இந்தக் குளிசைகள் ஏற்கெனவே ஈரலுக்குச் சுமை. என்ன இலை என்று தெரியாத சாறும் அதே ஈரலைத்தான் அடிக்கும். ஈரல் கெட்டால் மருந்தை நிறுத்த நேரும்.

தீர்த்தத்தைத் தலையில் தெளியுங்கள், குடிக்கக் கொடுக்காதீர்கள். குடிப்பதற்குக் கொதித்தாறிய தண்ணீர் மட்டும். விபூதி நெற்றியில் இருக்கட்டும், வாயில் வேண்டாம். அபிஷேகப் பால், பஞ்சாமிர்தம் இப்போது வேண்டாம். வீட்டில் சுடச்சுடச் செய்த பொங்கலைப் படைத்த கையோடு கொடுக்கலாம். மந்திரித்த நூல் கட்டலாம், ஊசி ஏற்றும் கையில் மட்டும் வேண்டாம். பிள்ளையை விரதம் இருத்தக்கூடாது. நவராத்திரியில் கும்பம் பார்க்க விடியவிடியச் சனத்துக்குள் தூக்கிக்கொண்டு திரிவதும், கன்னியாவில் எல்லோரும் குளிக்கும் கிணற்றடியில் குளிக்க வார்ப்பதும் சிகிச்சை முடிந்த பிறகு.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹைட் தொட்டால் நூல், பார்வை, பனடோல் எதற்கும் காத்திருக்காமல் அந்த மணித்தியாலத்துக்குள் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாசலிலேயே 'கீமோ போகிற பிள்ளை' என்று சொல்லுங்கள். வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

அப்புறம் நேர்த்தி. முடியெல்லாம் கொட்டிப்போன பிள்ளைக்கு மொட்டை போட நாள் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாசித்துக் கொஞ்சம் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் வழி அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. உங்கள் கணவர் நேர்ந்தது பிள்ளை தப்பவேண்டும் என்று. தப்பிவிட்டான் என்று முதல் மாதத்திலேயே முடிவுகட்டியது யார்? அம்பாள் அப்படிக் கெடு வைக்கவில்லையே. கடைசி மருந்து முடிகிற நாளுக்கு நேர்த்தியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அப்போது கொடுப்பதற்கு அவன் தலையில் முடியும் இருக்கும். தூக்குக்காவடி அவருடைய உடம்பு, அவருடைய நேர்த்தி. நான் குறுக்கே வரவில்லை, அதுவும் அன்றைக்கே இருக்கட்டும். இதை நீங்கள் சொல்வதைவிட அவர் மதிக்கும் கோயில் ஐயரோ பூசாரியாரோ சொன்னால் நல்லது. நான் பேசிப் பார்த்த ஐயர்மாரில் மருந்தை விடு என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. 'மருந்தும் அம்பாள் தந்ததுதான்' என்று என்னைவிட அழகாகச் சொல்லுவார்கள்.

கையெழுத்தும் சட்டமும்

நான் வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். பதினெட்டு வயது வரை பிள்ளைக்காகப் பெற்றோர் சம்மதம் கொடுக்கிறார்கள். வார்டுகளில் தினமும் நடப்பது, கூட நிற்கும் தாயின் கையெழுத்தை வாங்குவதுதான். ஆகவே நீங்கள் தனியாகக் கூட்டிப்போனால் சிகிச்சை மறுக்கமாட்டார்கள்.

பெற்றோரின் அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் உடல்நலத்துக்குக் கேடு வரும்படி வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 308A பிரிவில் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையைப் பற்றி நீதிமன்றம் கட்டளை இடலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், நன்னடத்தை உத்தியோகத்தர் இருக்கிறார், சிறுவர் பாதுகாப்புக்கு அழைக்க 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இவை இருப்பது உங்களுக்குத் தெரியவேண்டும், ஆனால் கணவருக்கு எதிரே முதலில் எடுத்து வைக்காதீர்கள். பொலிஸ், கோர்ட் என்ற சொல் வீட்டுக்குள் வந்தால் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விடக்கூடும். இரண்டு வருடச் சிகிச்சையைக் கட்டளையால் நடத்துவது கஷ்டம், தகப்பன் கூட நிற்கவேண்டும். ஒரு கிழமைக்குள் அவர் இறங்கி வரவில்லை என்றால், அல்லது உங்களைத் தடுத்து வைத்தால், அப்போது தயங்காமல் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதே நோய் இரண்டு மூன்று முறை திரும்பி வந்து, மருந்து இனிப் பெரிதாக ஒன்றும் செய்யாது என்ற நிலையில் ஒரு தகப்பன் 'போதும், வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், கோணேசர் பார்த்துக்கொள்ளட்டும்' என்றால் நான் அவரோடு வாதாடமாட்டேன். நோவு குறையும் மருந்தைக் கொடுத்துக் கூட நிற்பேன். அப்படிப்பட்ட பராமரிப்பில் உடம்போடு மனத்தையும் ஆன்மிகத் தேவையையும் சேர்த்தே கவனிக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. உங்கள் மகன் இருக்கும் இடம் அது இல்லை. இவனுக்குத் தப்பும் வழி அகலமாகத் திறந்து கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கணவரைப் பற்றி

கடிதத்தை இரண்டாம் தரம் வாசித்தபோது எனக்குத் தெரிந்தது பக்தியைவிடக் களைப்பு. ஒன்பது நாள் வார்டுக்கு வெளியே வாங்கில் படுத்தவர், ஓட்டோவுக்குக் கட்டவேண்டிய மாதக் காசை நினைத்துக்கொண்டு மகன் வாந்தி எடுப்பதைப் பார்த்தவர். 'இனி வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்ல ஒரு தகப்பனால் முடியாது. அம்பாள் சொன்னாள் என்றால் சொல்லலாம். அவரை வாக்கு விஷயத்தில் மடக்கப் பார்க்காதீர்கள். எது உங்களால் தாங்க முடியாமல் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வாந்தி என்றால் வாந்தியைக் குறைக்கும் மருந்தைக் கூட்டச் சொல்லலாம். அலைச்சல் என்றால், இரத்தப் பரிசோதனைகளையும் சில ஊசிகளையும் திருகோணமலையில் செய்ய முடியுமா என்று கேட்கலாம். மட்டக்களப்பிலும் தெல்லிப்பழையிலும் அரச புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு, எந்தப் பகுதியைக் கிட்டத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதை உங்கள் டொக்டர் தீர்மானிக்கட்டும். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் காசில்லை, ஆனால் பயணமும் இழந்த கூலியும் காசுதான். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் உதவி கேட்பது பிச்சை இல்லை.

புதிய திகதி கிடைத்ததும் அவரையும் இரவு ரயிலில் கூட்டிப்போங்கள். மாமியும் வரட்டும். சிங்களமும் தமிழும் தெரிந்த ஓர் ஆளைக் கூட வைத்துக்கொண்டு, மூன்று கேள்வியை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறோம், கடும் பகுதி எப்போது முடியும், நிறுத்தினால் என்ன நடக்கும். பதிலை அவர் டொக்டரின் வாயால் கேட்கட்டும். அலுமாரியில் இருக்கும் கொப்பியையும் அவரே எடுத்துக்கொண்டு வரட்டும்.